ஊமத்தை தின்ற பையனுக்குப் பிடித்தது பேய் இல்லை

கேள்வி: டாக்டர், நாங்கள் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். என் மகனுக்கு 18 வயது, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பத்து நாளுக்கு முன்னால் ஒரு சாயந்திரம் சேக்காளிகள் இரண்டு பேரோடு கண்மாய்க்கரையில் உட்கார்ந்து ஊமத்தங்காயைப் பிளந்து விதையைத் தின்றிருக்கிறான். போனில் எதையோ பார்த்துவிட்டு, போதை ஏறும் என்று செய்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், தண்ணீர் என்றான். அப்புறம் செத்துப்போன தாத்தாவோடு பேச ஆரம்பித்துவிட்டான். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று என் மாமியார் சொல்ல, கோடாங்கியிடம் கூட்டிப்போனோம். ராத்திரி முழுக்க அங்கே தூணில் கட்டித்தான் வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் இருந்தது. விடிந்த பிறகு என் அண்ணன் வந்து சத்தம் போட்டு மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது சாப்பிடுகிறான், நடமாடுகிறான். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்று மழுப்புகிறான். மூளை பாதித்திருக்குமா? இது பழக்கமாகிவிடுமா? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊமத்தஞ்செடியை வெட்டலாம் என்றால், பிரதோஷத்துக்குப் பூப் பறிக்கிற செடி, நாய்க்கடிக்குக்கூட மருந்து, சாமிக்கு ஆகிற பூ எப்படி விஷமாகும் என்று மாமியார் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, பையன் சாப்பிடுகிறான், நடமாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டான். ஒரு முறை ஊமத்தை தின்று பிழைத்தவர்களுக்கு மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போவது வழக்கமில்லை. வலிப்பு வந்து மூச்சுத் திணறியிருந்தாலோ, உடம்புச் சூடு தாறுமாறாக ஏறியிருந்தாலோதான் அந்தக் கவலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். வலிப்பு என்றோ கடுமையான காய்ச்சல் என்றோ அதில் எழுதியிருந்தால் அந்தச் சீட்டோடு ஒரு முறை நரம்பியல் பிரிவில் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள்.

அவன் மழுப்புகிறான் என்கிறீர்களே, அநேகமாக அவன் சொல்வது உண்மை. இந்த விஷம் ஞாபகம் பதிவதையே தடுத்துவிடும். அந்த ராத்திரி அவன் தலைக்குள் எழுதப்படவே இல்லை. துருவித் துருவிக் கேட்டால் உங்களைச் சமாதானப்படுத்த அவனாக எதையாவது கட்டிச் சொல்வான், அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இன்னொரு சண்டை வரும். விட்டுவிடுங்கள்.

அவனுக்கு என்னதான் ஆனது என்பதை உங்கள் மாமியாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஊமத்தையின் வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாவற்றிலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்ற மூன்று சரக்கு இருக்கிறது. விதையில் நிறைய. நம் உடம்பில் எச்சில் சுரப்பது, வியர்ப்பது, குடல் அசைவது, சிறுநீர் பிரிவது, கண்பாவை சுருங்குவது எல்லாம் அசெட்டைல்கோலின் என்ற ஒரு வேதிப்பொருள் நரம்பிலிருந்து வந்து சொன்னால்தான் நடக்கும். ஊமத்தைச் சரக்கு அந்தப் பொருள் போய் உட்காரவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, குரல் கட்டிப்போகிறது, குடல் நின்றுபோகிறது, இதயம் படபடவென்று அடிக்கிறது. மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு, வெளியே வந்து வெயிலில் கண் கூசித் தடுமாறாத குடும்பம் இருக்காது. அந்தச் சொட்டு மருந்தும் இதே வகைதான். கண்ணில் ஒரு சொட்டுக்கே அப்படியென்றால் உடம்பு முழுக்க ஏறினால் எப்படி இருக்கும்?

இந்தச் சரக்கு மூளைக்குள்ளும் போகிறது. அங்கே நடப்பதைப் போதை என்று சொல்வதே தப்பு. குடித்தவனுக்குத் தான் குடித்திருக்கிறோம் என்று ஓரளவு தெரியும். ஊமத்தை தின்றவனுக்கு அது தெரியாது. இல்லாத ஆள் எதிரே உட்கார்ந்திருப்பான், இவன் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அது தோற்றம் என்ற சந்தேகமே எழாது. விரல் நுனியிலிருந்து நூல் இழுப்பான், கண்ணுக்குத் தெரியாத ஊசியில் அதைக் கோப்பான், போர்வையைப் பிய்ப்பான், காற்றில் பூச்சி பிடிப்பான், கையில் இல்லாத பீடியை இழுத்துச் சாம்பலைத் தட்டுவான். வாய் முணுமுணுத்தபடியே இருக்கும், ஒரு வார்த்தை விளங்காது. எங்கள் வார்டில் இதை வேறு ஒரு வழியிலும் பார்ப்போம். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களில் பலருக்கு முறிமருந்தாக நாங்கள் ஏற்றுவதே அட்ரோபின்தான். அளவு கொஞ்சம் கூடிப்போனால் அவர்களும் கட்டிலில் உட்கார்ந்து நூல் கோக்கத் தொடங்குவார்கள். உடனே மருந்தைக் குறைப்போம், தெளிந்துவிடுவார்கள். அந்த வார்டுக்குப் பேய் எதுவும் வருவதில்லை.

ஆகவே உங்கள் மகன் தாத்தாவோடு பேசியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவன் தாத்தா மேல் பிரியமாக இருந்திருப்பான், மூளை கலங்கியபோது அவர் முகம் வந்திருக்கிறது. உங்கள் மாமியார் பயந்ததையும் நான் குறை சொல்லமாட்டேன். நல்லாயிருந்த பேரன் திடீரென்று செத்தவரோடு பேசினால் எந்தப் பாட்டிக்கும் அதுதான் தோன்றும். என் வருத்தம் அந்தத் தூண் மேல்தான். ஊமத்தை தின்றவனுக்கு வியர்க்காது. வியர்வை இல்லையென்றால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. அவனைக் கட்டிப்போட்டால் திமிறுவான். திமிறத் திமிறச் சூடு ஏறும், தசை நைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். நம் ஊர் வெக்கையில் கூட்டமாகச் சுற்றி நின்று, சாம்பிராணிப் புகை போட்டு, கயிற்றால் கட்டி வைத்தால் விஷத்தைவிடச் சூடே ஆளை முடித்துவிடும். உங்கள் பையன் தப்பியது அதிர்ஷ்டம்.

இன்னொன்று, வெளியே யாரும் யோசிக்காதது. குடலைப் போலவே சிறுநீர்ப்பையும் நின்றுபோகும். அடிவயிறு பானை போல உப்பியிருக்கும், வலி உயிர் போகும், ஆனால் சொல்லத் தெரியாது. அதனாலேயே இன்னும் மூர்க்கமாவான். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு நீரை இறக்கியதும் பாதி ஆட்டம் அடங்கிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு எந்த வேப்பிலையும் உதவாது.

இனி யாருக்காவது இப்படி நடந்தால், உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். வாய் உலர்ந்து, தோல் சுட்டு, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், கண்பாவை அகன்று, சம்பந்தமில்லாமல் பேசினால் ஊமத்தையாக இருக்கலாம் என்று நினையுங்கள். நம் நிறத்துக்கு முகம் சிவந்தது தெரியாது, அதனால் கையை வைத்துப் பாருங்கள். அக்குளில் ஈரம் இல்லையென்றால் சந்தேகம் கூடும். உடனே 108. வண்டி வரும்வரை காற்றோட்டமான இடத்தில் விளக்கைத் தணித்து, கூட்டத்தை விலக்கி, அவனுக்குப் பழக்கப்பட்ட ஒரே ஆள் மட்டும் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புத்தி தெளிவில்லாதவனுக்கு வாய்வழியாக ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தால் பித்தம் தெளியும் என்பார்கள். அதைத் தெளிந்து வந்த பிறகு எத்தனை பழம் வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். தின்ற காயோ விதையோ மிச்சம் இருந்தால் ஒரு தாளில் மடித்து டாக்டரிடம் கொடுங்கள். ஊமத்தை விதையும் மிளகாய் விதையும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அது ரொம்ப உதவும்.

பக்கத்தில் யாரிடமாவது ஒரு தூக்க ஊசி போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பதும் கூடாது. அரிப்புக்கும் ஜலதோஷத்துக்கும் போடுகிற, தூக்கம் வரவைக்கிற ஊசிகள் சில ஊமத்தை செய்கிற அதே வேலையைச் செய்யும். எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவதுதான். ஆஸ்பத்திரியில் கரித்தூள் மருந்து கொடுத்து மிச்ச விஷத்தைப் பிடிப்பார்கள், டயஸெபம் வகை மருந்தால் மூர்க்கத்தை அடக்குவார்கள், சலைன் ஏற்றுவார்கள், உடம்பைக் குளிரவைத்துச் சூட்டைக் குறைப்பார்கள், இதயத் துடிப்பைப் படம் பிடித்துப் பார்ப்பார்கள். பைசோஸ்டிக்மின் என்று நேரடி முறிமருந்தும் உண்டு, ஆனால் அதை ஆள் பார்த்து, நாடி பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

போலீஸ் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விஷம் என்று யார் வந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறை. அது ஒரு பதிவு, அவ்வளவுதான். ஊமத்தை கஞ்சாவைப் போலப் போதைப்பொருள் சட்டத்தில் வருகிற செடி இல்லை. பையனை ஜெயிலில் போடுவார்கள் என்று ஒரு ராத்திரியைப் பாழாக்கியிருக்க வேண்டாம்.

சில வாசகர்கள் எத்தனை விதை தின்றால் ஆபத்து என்று கேட்பார்கள். எழுதமாட்டேன். எண்ணிக்கை சொன்னால் அதற்குக் கீழே பத்திரம் என்று எவனாவது ஒருவன் கணக்குப் போடுவான். ஊமத்தையில் கணக்கே செல்லாது. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் வீரியம் மாறும், ஒரே செடியில் இளங்காய்க்கும் முற்றிய காய்க்கும் மாறும், மண்ணுக்கும் பருவத்துக்கும் மாறும். மூன்று பேர் ஒரே காயைப் பங்கு போட்டால்கூட மூவருக்கும் ஒரே மாதிரி ஆகாது. போதாததற்கு, விதை வேலை செய்யத் தொடங்க அரை மணியோ ஒரு மணியோ, சில சமயம் அதற்கு மேலுமோ ஆகும். 'ஒண்ணும் ஏறலையே' என்று இன்னொரு கை அள்ளிப் போடுவது அந்த இடைவெளியில்தான். அப்புறம் குடல் நின்றுபோவதால் விதைகள் உள்ளேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் என்று இழுப்பதும், தெளிந்தது போல இருந்து மறுபடி கலங்குவதும் அதனால்தான்.

ஊமத்தையால் சாகிறவர்கள் எல்லோரும் விஷத்தாலேயே சாவதில்லை என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஒரு பக்கம் கண்மாய், புஞ்சைக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள், இந்தப் பக்கம் விருதுநகர் போகிற நான்குவழிச் சாலை, அதற்குச் சற்றுத் தள்ளி ரயில் பாதை. பார்வை மங்கி, எதிரே இல்லாத ஆளைத் தேடிக்கொண்டு இருட்டில் நடக்கிறவனுக்கு இதில் எது எங்கே இருக்கிறது என்று தெரியுமா? அவன் வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். போனில் வீடியோ போடுகிறவன் இதைக் காட்டமாட்டான்.

சரி, இப்போது உங்கள் மாமியாரிடம் வருவோம். சாமிக்கு ஆகிற பூ எப்படி விஷமாகும் என்று கேட்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அத்தை, ஆலகால விஷத்தையே வாங்கிக் கண்டத்தில் நிறுத்தியவருக்குத்தானே இந்தப் பூ? விஷம் என்பதால்தான் அவருக்குச் சாத்துகிறோம், நாம் தின்பதற்கு இல்லை." அவருக்கு இது உங்களைவிட நன்றாகவே விளங்கும். பூவைச் சாத்துவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கக்கூடாது என்பது மட்டும்தான். அந்தச் சாறு பட்ட கண்ணின் பாவை மட்டும் அகன்று நிற்கும். ஒரு கண் பெரிதாக, ஒரு கண் சிறிதாக இருப்பதைப் பார்த்து மூளையில் கட்டியோ என்று ஸ்கேன் எடுக்க ஓடி, கடைசியில் தோட்டத்தில் ஊமத்தை பிடுங்கியவர் என்று தெரியவருவது மருத்துவத்தில் புதிதில்லை.

மருந்து என்கிறாரே, அதிலும் உண்மை உண்டு. ஊமத்தை இலைச் சாறு சேர்த்துக் காய்ச்சுகிற மத்தன் தைலம் சித்த வைத்தியத்தில் புண்ணுக்கு மேலே தடவுகிற மருந்து. மூச்சிரைப்புக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கிற வழக்கம் நம்மிடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மதராசிலிருந்து தெரிந்துகொண்டுதான் இங்கிலாந்தில் ஆஸ்துமா சிகரெட் வந்தது. இன்றைக்கு இழுப்பானில் வருகிற இப்ராட்ரோபியம் அட்ரோபினிலிருந்து உருவானதுதான், மூளைக்குள் போகாதபடி மாற்றியிருக்கிறார்கள். அளவு கட்டிய மருந்துக்கும் வீட்டுக்குப் பின்னால் பறித்ததற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

ஆனால் நாய்க்கடி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வெறிநோய் வந்தபின் பிழைத்தவர் ஏறக்குறைய இல்லை. ஊமத்தை கொடுத்தால் வெறிநோய்க் கிருமிக்கு ஒன்றும் ஆகாது, கடிபட்டவருக்குத்தான் ஆகும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது. இது மட்டும் உங்கள் வீட்டில் நடந்துவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய மற்றதெல்லாம் போகட்டும்.

செடியைப் பிடுங்கிவிடுங்கள். பிரதோஷத்துக்கு இரண்டு பூ கோயில் வாசலிலேயே கிடைக்கும், மாமியாரைக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள். காய் வெடித்து விதை சிதறுவதற்கு முன்னால், கையில் பை மாட்டிக்கொண்டு வேரோடு எடுத்துக் குழியில் புதைக்கவேண்டும். எரித்தால் புகை மூச்சில் ஏறும். ஆடு ஒதுக்கிவிடும், பிள்ளைகளுக்கு அந்த விவரம் கிடையாது. சோளம், கம்பு அறுக்கிற நேரத்தில் காட்டில் நிற்கிற ஊமத்தையையும் முன்கூட்டியே களைந்துவிடச் சொல்லுங்கள், தானியத்தில் விதை கலந்தால் தெரியாது. 2019இல் உகாண்டாவில் உதவியாக வழங்கப்பட்ட மாவில் ஊமத்தை இனத்துச் சரக்கு கலந்து நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். கொடைக்கானல் போனால் வேலியோரம் தலைகீழாக மணி மணியாகத் தொங்குமே ஒரு பெரிய பூ, அழகாக இருக்கிறது என்று கன்று கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். அதுவும் இதே விஷம்.

பழக்கமாகுமா என்று கேட்டீர்கள். ஊமத்தை யாரையும் பிடித்துவைத்துக்கொள்வது அபூர்வம். ஒரு முறை தின்றவன் இரண்டாம் முறை அந்தப் பக்கம் போகவே அஞ்சுவான். கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஊமத்தைவரை வந்தவர்கள் அதற்கு முன்னால் எதையெல்லாம் தொட்டிருக்கிறார்கள்? அதை நீங்கள் கேட்டால் சொல்லமாட்டான், தாய்மாமன் கேட்டால் ஒருவேளை சொல்வான். உங்கள் அண்ணனிடம் விடுங்கள், ஆனால் அடிக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

பேச்சு குறைந்ததற்கு ஊர் முன்னால் தூணில் கட்டப்பட்ட வெட்கமே காரணமாக இருக்கலாம். நாலு பேர் பார்த்திருப்பார்கள், இப்போது அவன் வெளியே தலைகாட்டவே கூசுவான். பார்வை மங்கலும் வெளிச்சக் கூச்சமும் ஒரு வாரத்துக்குள் போயிருக்கவேண்டும், இன்னும் இருந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கமே இல்லை, இப்போதும் குரல் கேட்கிறது, யாரோ பார்க்கிறார்கள் என்கிறான், செத்துவிடலாம் போல இருக்கிறது என்கிறான் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்து பேசுங்கள். அது ஊமத்தையின் மிச்சமாக இருக்காது, வேறு நோயாக இருக்கலாம், அதற்கும் மருந்து இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கூட இருந்த இரண்டு பையன்கள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் வீட்டில் இது தெரியுமா, அன்றைக்கு அவர்களுக்கு என்ன ஆனது, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா? பத்து நாளாகிவிட்டாலும், உங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே அந்த இரண்டு வீட்டுக்கும் போய்வாருங்கள்.